கப்பலின் சோத்தாங்கை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரி முடித்ததும் நான்தான். இதைச் சொல்வதில் எனக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை. யாரும் கேட்காவிட்டால் நானே பேச்சை அந்தப் பக்கம் திருப்பிச் சொல்லிவிடுவேன். உன்னை யார் படிக்க வைத்தது என்று கேட்டால், அப்பாவின் ரோஷம் என்பேன். அப்பாவும் மீசையைத் தடவிக்கொண்டு அதையேதான் சொல்வார். அந்த ரோஷம் எங்கிருந்து வந்தது என்று யாராவது மேலே கேட்டால்தான் சிக்கல். ஒரு நீர்மூழ்கிக் கப்பலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

அப்போது நாங்கள் ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கிரானைட் பாலிஷ் போடும் கம்பெனியில் வேலை. அம்மா பாகலூர் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்துக்குப் பூ வெட்டப் போவார். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்களோடு இருந்தார். சிங்காரப்பேட்டையில் ஐந்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு வந்தவர். ஜூஜூவாடியில் ஒரு பழைய சாமான் கடையில் வேலை பார்த்தார். பெங்களூர் கம்பெனிகள் கழித்துப் போடும் நாற்காலி, ஒயர், கம்ப்யூட்டர் எல்லாம் எல்லையைத் தாண்டி அந்தக் கடைக்கு வந்துதான் எடைக்குப் பிரியும்.

ஒரு சாயங்காலம் மாமா டி.வி.எஸ். வண்டியின் பின்னால் கோணிப்பையைக் கட்டி ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். உடைக்கப் போட்டதில் உயிரோடு இருந்த ஒன்றாம். திரை, பின்பக்கம் தள்ளிக்கொண்டு, மாவரைக்கும் கிரைண்டர் அளவு இருந்தது. அப்பா வெகுநேரம் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “டி.வி. தெரியுமாடா இதுல?” என்று கேட்டார். தெரியாது என்றதும் அவருக்கு அதோடு உறவு முடிந்துவிட்டது.

அதற்குள் கம்ப்யூட்டரின் பழைய முதலாளி யாரோ அழிக்காமல் விட்டுப்போன ஒரு விளையாட்டு இருந்தது. திறந்தால் கடல். கடலுக்கடியில் நாம். மேலே கப்பல்கள் போகும். நீர்மூழ்கிக்குள் இருந்து ஒரு குழாயை மட்டும் தண்ணீருக்கு மேல் நீட்டி, அதன் வழியாகக் கப்பலைப் பார்த்து, டார்பிடோ என்ற குண்டை விட்டு அதை முழுக அடிக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. எங்கள் வீட்டில் யாரும் கடலைப் பார்த்ததில்லை. மாமாவுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர், மேலேயுள்ள பெங்களூர் கம்பெனிகளின் கழிவு நுரைத்துக்கொண்டு வந்து சேரும் கெலவரப்பள்ளி அணை. திரையில் அலை உடைந்து வெள்ளையாக வந்ததும் அவர் கேட்டது இதுதான்: “கடல்லயும் நுரை வருதே பாப்பா, அங்கயும் மேல கம்பெனி இருக்குதா?”

எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. அதனால் நான் தேவைப்பட்டேன். எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அரசுப் பள்ளி, தமிழ் வழி. ஆனால் இங்கிலீஷில் வகுப்பில் நான்தான் முதல். அதாவது, எந்த வார்த்தையையும் தயங்காமல் சத்தமாக வாசித்துவிடுவேன். அதற்கு என்ன அர்த்தம் என்பது வேறு விஷயம். மாமாவுக்கு அந்த வேறுபாடு தெரியாது. “இன்னா எழுதியிருக்குது, படி பாப்பா” என்பார். நான் படிப்பேன். அவர் தலையாட்டிக்கொண்டு கேட்பார். பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்களில் பெண்பிள்ளை பெரியவளானால் பள்ளிக்கூடம் நின்றுவிடும். யாரும் உட்கார்ந்து பேசி அப்படி முடிவெடுப்பதில்லை. புத்தகப் பை கொஞ்ச நாள் ஆணியில் தொங்கும். பிறகு அதில் வெங்காயம் போட்டு வைப்பார்கள். என் பெரியம்மாவின் பெண்கள் இருவருக்கும் அப்படித்தான் ஆனது. அக்கா மகளைத் தம்பிக்குக் கட்டுவதும் எங்களில் வழக்கம். அதனால் எனக்கு மாப்பிள்ளை தேடும் கவலைகூட யாருக்கும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்குள்ளேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா ஊரிலிருந்து வரும்போதெல்லாம், “உன் புருஷன் வந்துட்டான் பாரு, தண்ணி மோந்து குடுடி” என்று சொல்லிச் சிரிப்பார். மாமா, “சும்மா இரு அக்கா” என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். எனக்கு அது விளையாட்டுப் பேச்சு என்று மட்டும் பட்டது. பை விஷயம்தான் உறுத்தும். அதைத் தினமும் ஆணியில் இருந்து எடுக்கும்போது உள்ளே கைவிட்டுப் பார்த்துக்கொள்வேன்.

விளையாட்டுக்கு வருகிறேன். கப்பலைப் பார்த்ததும் அதன் மேல் வைத்துச் சுட்டால் போதும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். மாமா குழாயின் குறியைச் சரியாகக் கப்பலின் நடுவயிற்றில் வைத்து விடுவார். டார்பிடோ வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போகும். அது அங்கே போய்ச் சேரும்போது கப்பல் வேறு இடத்தில் இருக்கும். கப்பல்காரர்கள் எங்களைப் பார்த்து வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள் என்று மாமா சந்தேகப்பட்டார். குழாயைப் பாதி இறக்கி, ஒளிந்துகொண்டு விட்டுப் பார்த்தார். அப்போதும் அப்படியே.

வீட்டு ஓனரம்மா கன்னடக்காரர். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும் வழியில் எங்கள் ஜன்னலில் எட்டிப் பார்ப்பார். “ஏனம்மா, ஹடகு முளுகித்தா?” கப்பல் முழுகியதா என்று கேட்கிறார். “இல்ல ஆன்ட்டி” என்பேன். “நாளெ முளுகுத்தெ”, நாளைக்கு முழுகிவிடும் என்று, ஏதோ காய்ச்சல்காரனை விசாரித்தவர் போல ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்.

விளையாட்டின் கையேடு கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது. அதைத் தினமும் ஒரு பக்கம் வாசித்தேன். எங்கள் விளையாட்டில் குறிபார்க்கும் வேலையை நாமே செய்யும்படி அந்தப் பழைய முதலாளி வைத்திருந்தார் என்பது அதிலிருந்துதான் தெரிந்தது. நான்கு விஷயம் சொல்ல வேண்டுமாம்: அது என்ன கப்பல், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கமாகத் திரும்பியிருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது. நான்கையும் சரியாகச் சொன்னால் டார்பிடோ தானே கணக்குப் போட்டுக்கொண்டு போகும். ஒன்று தப்பினாலும் போச்சு. இந்த வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும்படி மாற்றவும் ஒரு இடம் இருந்தது. ஒரே ஒரு டிக் அடித்தால் போதும். நான் சந்தோஷமாக அதை மாமாவிடம் காட்டினேன்.

“அதுவே பாத்து அதுவே அடிச்சிடுமா?”

“ஆமா மாமா.”

“அப்ப நாம எதுக்கு உக்காந்துகினு இருக்குறோம்? வேணாம். நீ படி.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஜெயிக்க ஒரு வழி கையில் இருக்க, எதற்கு இந்த மனிதர் தோற்றுக்கொண்டே இருக்க ஆசைப்படுகிறார்?

தூரம் கண்டுபிடிப்பது வினோதமாக இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரே கப்பல் இரண்டாகத் தெரியும். மேலே உள்ள நிழல் கப்பலை இழுத்து, அதன் அடி நிஜக் கப்பலின் கொடிக்கம்ப உச்சியில் உட்காரும்படி வைக்க வேண்டும். உடனே தூரம் எண்ணாக வந்துவிடும். எப்படி வருகிறது? படத்தை இழுத்தால் தூரம் ஏன் தெரிய வேண்டும்? மாமா புகைக்கூண்டின் உச்சியில் வைப்பார், நான் கம்பத்தின் உச்சியில் வைக்கச் சொல்வேன், இரண்டு தூரம் வரும். எது சரி என்று சண்டை. கம்பத்தின் உயரம், கப்பலின் நீளம் எல்லாம் விளையாட்டுக்குள் இருந்த கப்பல் படப்புத்தகத்தில் போட்டிருக்கிறது, அதனால் கம்பம்தான் என்று நான் சொன்னேனே தவிர எனக்கே நம்பிக்கை இல்லை.

கணக்கு சாரிடம் கேட்டேன். “சார், ஒரு கம்பத்தோட உயரம் தெரிஞ்சா, அது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு சொல்ல முடியுமா?” அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அது பத்தாவதுல வரும். உயரமும் தூரமும்னு. உனக்கு எதுக்கு இப்ப?” கப்பல் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சும்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாமாவிடம் சொன்னதும் அவர் மலைத்துப்போனார். “பத்தாவதா? ஒரு கப்பலுக்கு அவ்ளோ தூரம் போவணுமா?” கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு, “சரி, போனாத்தான் என்னா” என்றார்.

எல்லாவற்றையும்விட மோசமானது மூன்றாவது விஷயம். கப்பல் எந்தப் பக்கமாகத் திரும்பியிருக்கிறது என்பதைக் கப்பலின் இடது, வலது வைத்துச் சொல்ல வேண்டும். நாம் கப்பலின் எந்தக் கைப்பக்கம் நிற்கிறோம் என்பதுதான் கேள்வி. இடது வலது என்பதற்குக் கப்பல்காரர்கள் வேறு தனியாக இரண்டு வார்த்தை வைத்திருந்தார்கள். அகராதியில் தேடி அது வெறும் இடது வலதுதான் என்று கண்டுபிடித்தபோது எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. மாமாவுக்கு இடது வலது வராது. சோத்தாங்கை, பீச்சாங்கைதான்.

“யாரோட சோத்தாங்கை? நம்மளுதா, கப்பலுதா?”

“கப்பலுது மாமா.”

“கப்பலுக்கு ஏது பாப்பா சோத்தாங்கை?”

அங்கேயே நாங்கள் பல நாள் நின்றோம். ஒரு கப்பல் வலமிருந்து இடமாகப் போகும். அதன் மூக்கு எங்கள் இடது பக்கம். மாமா யோசித்து ஒரு நியாயம் சொல்வார்: “எதுத்தாப்ல நிக்கிறவனுக்கு எல்லாம் மாத்திப் போடணும். அவன் சோத்தாங்கை நமக்குப் பீச்சாங்கைப் பக்கம் வரும். கப்பல் எதுத்தாப்ல நிக்குது. மூக்கு நம்ம பீச்சாங்கைப் பக்கம்னா அதுக்கு சோத்தாங்கை. போடு.” கேட்கக் கேட்கச் சரியாகவே இருக்கும். வலது என்று போடுவோம். டார்பிடோ, கப்பல் போகும் திசைக்கு நேர் எதிராக, அது ஏற்கனவே விட்டுப்போன தண்ணீருக்குள் வெறிகொண்டு ஓடும். நான் புத்தகத்தைத் திரும்ப வாசிப்பேன். மாமா நியாயத்தைத் திரும்பச் சொல்வார். இரண்டுமே சரியாக இருக்கும்போது குண்டு மட்டும் எப்படித் தப்பாகப் போகிறது என்று எனக்குத் தலை சுற்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கரண்ட் இல்லை. மாமா வாசலில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு துண்டு பிளாஸ்டிக் பைப். அதைக் கண்ணில் வைத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைத் தண்ணீருக்கு அனுப்பியிருந்தார். நான் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு, மாட்டுக்கொட்டகைப் பக்கமிருந்து எங்கள் தொட்டிப் பக்கம் போனேன்.

“பாப்பா, அப்படியே நில்லு. நீதான் கப்பல்.”

“தண்ணி கொண்டுபோவணும் மாமா.”

“கப்பல்னா தண்ணியிலதான் இருக்கும். இப்ப நீ எனக்குச் சோத்தாங்கையில இருந்து பீச்சாங்கைக்குப் போற. சரியா? எனக்கு உன் குடம் தெரியுது. குடம் உனக்கு எந்தக் கை?”

குனிந்து பார்த்தேன். “பீச்சாங்கை.”

மாமா பைப்பை இறக்கினார். “அப்ப கப்பல் அதோட பீச்சாங்கையைக் காட்டிகினு போவுது. நாம சோத்தாங்கைன்னு போட்டோம்.”

 இத்தனை நாளும் நாங்கள் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தோமே தவிர, கப்பலாக நின்று பார்க்கவில்லை.

ஓனரம்மாவின் பேரன் போட்டுவிட்டுப் போன ரப்பர் பந்து ஒன்று கல்லுக்குக் கீழே கிடந்தது. மாமா அதைத் தரையில் உருட்டிவிட்டார், என்னைப் பார்த்து. நான் நடந்துகொண்டிருந்தேன். பந்து எனக்குப் பின்னால் போனது. திரும்பவும் உருட்டினார். திரும்பவும் பின்னால். மூன்றாம் தடவை அவர் என்னைப் பார்க்கவேயில்லை. தொட்டிக்கு அருகில், யாருமே இல்லாத வெறும் இடத்தைப் பார்த்து உருட்டினார்.

“மாமா, நான் இங்க இருக்கேன்!” என்று சிரித்தேன்.

“நிக்காத. நட, நட.”

நடந்தேன். பந்து சரியாக என் பாதத்தில் வந்து இடித்தது. குடம் சரிந்து பாவாடை முழுக்க நனைந்தது. உள்ளே இருந்து அம்மா கத்தினார். மாமா அதைக் காதிலேயே வாங்கவில்லை. “நீ இருக்குற எடத்துக்கு விட்டா, அது வர்றதுக்குள்ள நீ போயிடற. நீ போவப்போற எடத்துக்கு விடணும். அங்க ஒண்ணும் இல்லன்னாலும் விடணும்” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். கையேட்டில் அதே விஷயம் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. அதைக் குரல் ஏற்றி இறக்கி எத்தனையோ தடவை வாசித்தவள் நான்தான்.

அதைச் செய்து பார்க்க நேரம் வாய்க்கவில்லை. அந்த வாரமே நான் பெரியவளானேன்.

தாய்மாமன்தான் பச்சை ஓலைக் குடிசை கட்ட வேண்டும். மாமா எங்கிருந்தோ தென்னங்கீற்று கொண்டுவந்து வாசலோரம் கட்டினார். அதற்குள் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். வீட்டுக்குள் போகக்கூடாது, எதையும் தொடக்கூடாது. பெரியம்மா உளுந்து, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை எல்லாம் கொண்டுவந்து இறங்கினார். என்னைச் சுற்றி எல்லோரும் ஒரே சந்தோஷமாக இருந்தார்கள். நான் என்ன செய்து அந்தச் சந்தோஷத்தைச் சம்பாதித்தேன் என்று விளங்கவில்லை.

குடிசைக்கும் ஜன்னலுக்கும் நடுவே நாலடி தூரம்தான். ஒரு மத்தியானம் உள்ளேயிருந்து மாமாவின் குரல் கேட்டது.

“பாப்பா, கப்பல் வந்துடுச்சு.”

என்னால் திரையைப் பார்க்க முடியாது. அவரால் இங்கிலீஷ் படிக்க முடியாது. ஆனால் எண்கள் அவருக்குத் தெரியும். எடை போடும் கடையில் வேலை பார்த்தவர்.

“எந்தப் பக்கம் போவுது மாமா?”

“சோத்தாங்கையில இருந்து பீச்சாங்கைக்கு.”

“அப்ப இடது போடுங்க. நாம இருக்குற கப்பல் அசையாம நிக்குதா?”

“நின்னுகினுதான் இருக்குது.”

கப்பலின் தோற்றத்தைச் சொன்னார்: நடுவில் மேடு, முன்னாலும் பின்னாலும் கம்பம், நீளப் புகைக்கூண்டு. படப்புத்தகத்தில் அது எத்தனையாவது படம் என்று எனக்கு மனப்பாடம். நிழல் கப்பலைக் கம்பத்தின் உச்சிக்கு இழுக்கச் சொன்னேன், புகைக்கூண்டுக்கு இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன். தூரம் வந்தது. பிறகு வேகம். கப்பலின் மூக்கு நடுக்கோட்டைத் தொடும்போது “ஆரம்பம்” என்றும், வால் தாண்டும்போது “ஆச்சு” என்றும் அவர் கத்த வேண்டும். நடுவில் எத்தனை விநாடி ஆனது என்று திரையில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கப்பலின் நீளத்தை அதால் வகுத்து இரண்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட வேகம். குடிசைத் தரையில் ஈர்க்குச்சியால் எழுதி வகுத்தேன். எட்டு வந்தது. “எட்டு போடுங்க மாமா!”

“போட்டுட்டேன். பாப்பா, இது கப்பலுக்கு நேரா காட்டலியே. முன்னால வெறும் தண்ணியைக் காட்டுது.”

“காட்டட்டும். விடுங்க.”

“விட்டுட்டேன்!” என்று கத்தினார். “போவுது பாப்பா, போவுது, வெறும் தண்ணிக்குத்தான் போவுது. கப்பலும் போவுது. ரெண்டும்…”

மின்விசிறியின் சத்தம் நின்றது. கரண்ட் போய்விட்டது.

“என்னாச்சு மாமா?” என்று நான் ஓலையைப் பிய்த்துக்கொண்டு கேட்டேன். “தெரியல பாப்பா” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு எரிச்சல் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. கொட்டகைப் பக்கமிருந்து ஓனரம்மா, “முளுகித்தா?” என்றார். 

பெரியம்மா களிக் கிண்ணத்தோடு அங்கேயே நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். கன்னத்தில் கைவைத்துக்கொண்டு அம்மாவிடம், “ஏன்டி, பொண்ணு கூரைக்குள்ள உக்காந்துகினே புருஷனுக்கு வழி சொல்றா. நீங்க இன்னாத்துக்கு இன்னும் பாத்துகினு இருக்கீங்க? சடங்கன்னைக்கே பரிசம் போட்டுடலாம். வயசு ஆனதும் கட்டிவெச்சா முடிஞ்சுது” என்றார்.

அன்று சாயங்காலம் ஓலை இடுக்கு வழியாகப் பார்த்தேன். அம்மா என் பையை ஆணியில் இருந்து எடுத்து, புத்தகங்களை ஒரு சாக்கில் கொட்டினார். பையை உதறினார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மாமா கேட்டார்: “இன்னாக்கா, புஸ்தகத்தக் கொட்டிட்டே?”

“இனிமே எதுக்குடா அவளுக்கு? பை நல்லா கெட்டியா இருக்குது.”

மாமா கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு வெளியே போனார். சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. எனக்காக ஒரு வார்த்தை பேசாமல் போகிறாரே என்று எனக்கு அழுகையாக வந்தது.

சடங்கு நாளில் மாமா முறையில் ஒரு குறையும் வைக்கவில்லை. தட்டுத் தட்டாகப் பழம், பூ, மஞ்சள் பட்டுப் புடவை. அந்தப் புடவையைக் கட்டி என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சொந்தக்காரர்கள் ஷாமியானா பந்தலில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா எழுந்து விஷயத்தைச் சொன்னார். எல்லோரும் சிரித்து ஆமோதித்தார்கள். அப்பா வெட்கப்பட்டார். அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார்.

“இவளா? எனக்கு வேணாம்.”

“இன்னாடா வேணாம்? மொறப்பொண்ணுடா.”

“மொற இருந்தா ஆச்சா? எட்டாவது படிக்கிதுன்னு பேரு. ஒரு இங்கிலீஷ் புஸ்தகம் குடுத்தா அர்த்தம் சொல்லத் தெரியல. இத்தன நாள்ல ஒரு கப்பல அடிக்கத் தெரியல. பத்தாவது போனா பெயிலு. மக்கு. மக்கைக் கொண்டாந்து என் தலையில கட்டாதீங்க.”

 குழந்தைகள்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். நான் அவர் வாங்கித் தந்த புடவையில், கன்னத்தில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தேன். நேற்றுவரை “நீ படி பாப்பா, நீ படிச்சாத்தான் சரியா இருக்குது” என்று சொன்ன வாய்தானா இது? எனக்குத் தெரிந்த மாமாவைக் கூட்டத்தில் தேடினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில், யாருமில்லாத ஒரு இடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

அப்பா எழுந்தார். அப்பா அதிகம் பேசாதவர். பாலிஷ் மெஷின் சத்தத்தில் வேலை பார்த்துப் பார்த்துப் பேச்சே குறைந்துபோனவர்.

“யார்றா மக்கு? அஞ்சாவது தாண்டாத நீ என் பொண்ண மக்குன்றியா? அவ பத்தாவது தேறலன்னா நான் இந்த மீசையை எடுத்துடறேன்டா. அதுக்கு மேலயும் படிப்பா. நீ கால்ல விழுந்தாலும் உனக்குக் குடுக்க மாட்டேன்.”

“பேசறது சுலபம் மாமா,” என்று மாமா அப்பாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். “படிக்க வெச்சுக் காட்டுங்க.”

பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா ஒரு வெற்றிலைத் தட்டை எடுத்துத் தம்பி மேல் வீசினார். அது குறி தப்பி ஒரு பெரியவரின் வேட்டியில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மாமா தன் துணிகளை ஒரு கோணிப்பையில் போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பினார். நான் குடிசை வாசலில் நின்றேன். என்னைத் தாண்டும்போது திரும்பாமலே, “இன்னா நிக்கிற? நட, நட” என்றார். வீட்டை விட்டுப் போகிற நேரத்திலும் என்னை விரட்டுகிறாரே என்று நினைத்தேன்.

அன்று மாலை அப்பாவே சாக்கைக் கவிழ்த்துப் புத்தகங்களைப் பொறுக்கிப் பையில் வைத்தார். பாடப் புத்தகத்தோடு அம்மாவின் சமையல் எரிவாயு அட்டையையும் சேர்த்து வைத்துவிட்டார். அவருக்கு வித்தியாசம் தெரியாது. அடுத்த வாரம் என்னைப் பள்ளிக்கூட வாசல்வரை வண்டியில் கொண்டுவிட்டார். அதிலிருந்து நான் படிக்கும்போதெல்லாம் எதிரில் உட்கார்ந்து மீசையைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். நான் கொட்டாவி விட்டால் அவர் முகம் கலவரமாகும். அந்த மீசையைக் காப்பாற்றுவதற்காகவே நான் இரண்டு வருடம் படித்தேன் என்று சொல்லலாம். கம்ப்யூட்டரை அப்பா வீட்டில் வைக்கவிடவில்லை. மாமா கடையில் போட்டால் அவனுக்குத்தானே லாபம் என்று, வேறொரு பழைய சாமான் கடைக்கு எடைக்குப் போட்டார். கொஞ்ச நாள் கழித்து ஓனரம்மா கேட்டபோது, “ஹடகே இல்ல ஆன்ட்டி” என்றேன். பாவம், துக்கம் விசாரிக்கிற முகத்தோடு போனார்.

பத்தாவது பரீட்சையில் கணக்குத் தாளில் ஒரு கலங்கரை விளக்கம் இருந்தது, தூரத்தில் ஒரு கப்பலும் இருந்தது. கோபத்தோடு அந்தக் கணக்கைப் போட்டேன்.

முடிவு வந்த அன்று அப்பா ஒரு பெட்டி லட்டு வாங்கினார். வீட்டில் கொடுப்பதற்கு முன்னால் என்னை வண்டியில் உட்கார வைத்து நேராக ஜூஜூவாடிக்கு விட்டார். மாமா கடை வாசலில் குந்தியபடி ஒயரைச் சீவிச் செம்பைத் தனியாக எடுத்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். அப்பா வண்டியை விட்டு இறங்காமலே பெட்டியை நீட்டினார்.

“என் பொண்ணு ஸ்கூலுக்கே ரெண்டாவது. மூஞ்சியை எங்க வெச்சுக்குவே?”

மாமா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஒரு லட்டு எடுத்து முழுதாக வாயில் போட்டுக்கொண்டார். மென்று முடித்ததும் என்னிடம் கேட்டார்: “கணக்குல அந்தக் கம்பம், தூரம் எல்லாம் வந்துச்சா?”

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “வந்துச்சு” என்றேன்.

“போட்டியா?”

“போட்டேன்.”

அவர் பெட்டியில் இருந்து இன்னொரு லட்டு எடுத்தார். எதிரே குவிந்திருந்த ஒயரைப் பார்த்து, “அப்ப முழுகிடுச்சு” என்றார்.

திரும்பி வரும்போது அப்பா காற்றில் கத்தினார்: “பாத்தியா, மூஞ்சியே செத்துடுச்சு அவனுக்கு!” ஆமாம் என்றேன். ஆனால் அது செத்த முகமாக எனக்குப் படவில்லை. அதைப் பற்றி யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. அப்புறம் வேறொன்று மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது. சிப்காட் திருப்பம் வரைக்கும் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். அன்றைக்குப் பாதியில் கரண்ட் போய்விட்டதே. அதற்குப் பிறகு அந்தக் கப்பல் முழுகியது இந்த மாமாவுக்கு எப்படித் தெரிந்தது?